தொட்டியை முதலில் கட்டுங்கள்: மொரீஷியஸ் நகராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

போர்ட் லூயி, போ பாஸன்–ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வக்குவா–ஃபீனிக்ஸ், கியூர்பிப் ஆகிய ஐந்து நகராட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களிடம் அனுமதி கேட்டு வரப்போகும் வணிக வளாக உரிமையாளர்களுக்கும், அவற்றை வரையப்போகும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

நான் ரோஸ் ஹில்லில் பிறந்தவன். என் தந்தையார் கொத்தனார். நானும் பதினெட்டு வயதில் கரணை பிடித்து, பிறகு மாலை வகுப்பில் படித்து, முப்பத்தாறு ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பள்ளிகள், குடியிருப்புகள், ஒரு கோயில் மண்டபம் ஆகியவற்றோடு, நாம் எல்லோரும் 'சாந்த்ர் கொமேர்சியால்' என்று சொல்லும் வணிக வளாகங்கள் மூன்றிலும் என் கை இருக்கிறது. நகரத்துக்குள் அடுத்த வணிக வளாகம் சுற்றுச்சூழலுக்கு இசைவாக எழவேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு தளம் வார்க்கும் நாள்வரை உயிரோடு இருப்பதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

இதையே பிரெஞ்சிலும் எழுதி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குத் தனியான காரணம் உண்டு. 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, இந்தத் துறைமுக நகரை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். போர்ட் லூயியின் பழைய கருங்கல் சுவர்களில் தமிழ்க் கைகளின் உழைப்பு இருக்கிறது. நம் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் வடிகாலைப் பற்றியும் கட்டட அனுமதியைப் பற்றியும் நாம் தமிழில் பேசிக்கொள்வது அரிது. உங்கள் மன்றங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டவேண்டும் என்பது என் விருப்பம்.

நான் வேலை பார்த்த வளாகங்களில் ஒன்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் வேண்டாம். வரைபடத்தில் வாகன நிறுத்தத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு மழைநீர்த் தொட்டி நீலக் கோட்டில் வரையப்பட்டிருந்தது. இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம். ஆக 600 கன மீட்டர், அதாவது 6 இலட்சம் லிட்டர். குழி தோண்டத் தொடங்கியதும் கரும்பாறை தட்டியது. அதை உடைத்து இறங்க மூன்று வாரம் ஆயிற்று. தொட்டியின் அடித்தளத்துக்குக் கம்பி கட்டும் முன்பே, திறப்பு விழாவுக்கு இன்னும் நான்கு மாதம்தான் என்ற நிலையில், செலவைக் குறைப்பதற்கான கூட்டம் கூடியது. அன்று பிற்பகல் ஒரே அமர்வில் நான்கு இனங்கள் அடிபட்டன: மழைநீர்த் தொட்டி, தண்ணீர் உட்புகும் தரைக்கற்கள், வாகன நிறுத்தத்தில் நடவேண்டிய மரங்கள், மேற்குச் சுவர்க் கண்ணாடிக்கு வெளியே பொருத்தவேண்டிய நிழற்பலகைகள். நுழைவாயில் பளிங்கும் உள்ளே இருந்த செயற்கை நீரூற்றும் தப்பின. மறுநாள் காலை உடைந்த சிமெண்டுக் கற்களையும் காய்ந்துபோன கான்கிரீட்டையும் அந்தக் குழிக்குள் தள்ளி நிரப்பினார்கள். அந்த வேலை உத்தரவின் அடியில் இருந்தது என் கையெழுத்து.

இரண்டாவது மழைக்காலத்தில், வளாகத்துக்குக் கீழே இருந்த தெருவில் தையற்கடை வைத்திருந்த அம்மாள் ஒருவர் என்னை வீட்டில் தேடி வந்தார். அவர் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருந்தது. புடவைகளுக்கு ஓரம் அடிக்க வந்தவர்களின் துணிகளை மேசைமேல் ஏற்றிவிட்டார், இயந்திரத்தின் மோட்டாரைக் காப்பாற்ற முடியவில்லை. "தம்பி, இந்தத் தெருவில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். புயல் வந்தபோதுகூடத் தண்ணீர் வாசற்படி ஏறியதில்லை. நீங்கள் கட்டிய பிறகுதான் ஏறுகிறது" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த நீலக் கோட்டை நினைத்துக்கொண்டே அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

இது ஒரு வளாகத்தில் மட்டும் நடந்ததன்று. சுற்றுச்சூழலைக் காக்கும் பகுதிகள் எல்லாம் கட்டட வேலையின் கடைசியில் வருகின்றன. தொட்டி, மரம், நிழல், வடிகால் ஆகியவை திறப்பு விழாவுக்கு முந்தைய மாதங்களில்தான் வேலைப் பட்டியலில் தலைகாட்டும். பணம் தீர்ந்துபோவதும் அதே மாதங்களில்தான். ஆகையால் அடிபடுபவை எப்போதும் அவையே. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவேண்டியதில்லை. வேலையின் வரிசையே அப்படி நடத்திவிடுகிறது. அந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன். கடைகளுக்கு முன்னால் தண்ணீருக்கும் நிழலுக்கும் உரியதைக் கட்டவேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2013 மார்ச் 30-ஆம் நாளை நாம் யாரும் மறக்கவில்லை. போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, பூஸ் ஓடை கரை மீறி, பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிக்கிக்கொண்டது சுரங்க நடைபாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த நாளில், வேலையிலிருந்து வீடு திரும்ப முயன்றவர்கள் அதே நகரத்தில் தங்கள் கார்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு நடந்தார்கள். பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். நாமோ பள்ளத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டி, அங்கே மக்களை இறங்கச் செய்கிறோம். வெள்ளம் வரக்கூடிய இடத்தில் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு இனி ஒருபோதும் அனுமதி தராதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் கூரையும் இரண்டு ஹெக்டேர் தார் நிறுத்தமும் கொண்ட வளாகத்தில் 150 மில்லிமீட்டர் பெய்தால் 45 இலட்சம் லிட்டர் தண்ணீர் அந்த நிலத்தைவிட்டு வெளியேறப் பார்க்கும். அதே நிலம் கரும்புத் தோட்டமாக இருந்தபோது, சோகையும் வேரும் பொலபொலப்பான மண்ணும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை உறிஞ்சி, மீதியைத் தாமதப்படுத்தி அனுப்பின. தார் போட்டபின் அது சில நிமிடங்களில் கீழ்த்தெருவுக்கு வந்துவிடும். நான் மேலே சொன்ன தொட்டியைக் கட்டியிருந்தால்கூட, கூரையில் விழும் முதல் 60 மில்லிமீட்டரை மட்டுமே அது பிடித்திருக்கும். மீதியைத் தரைதான் வாங்கவேண்டும். ஆகவே தொட்டியோடு நிறுத்தாமல், கார் நிறுத்துமிடத்தின் வரிசைகளுக்கு இடையே புல் முளைத்த தாழ்ந்த வாய்க்கால்களும், அவற்றுக்கு அடியில் சல்லி நிரப்பிய பள்ளங்களும் வேண்டும். நம் தீவின் பாறை எரிமலைக் குழம்பு இறுகியது. சில இடங்களில் பிளவும் பொந்துமாக, ஊற்றிய தண்ணீரெல்லாம் உள்ளே போய்விடும். சில இடங்களில் மேலே களிமண் படிந்து ஒரு சொட்டும் இறங்காது. எனவே உறிஞ்சு பள்ளம் வரையும் முன், அந்த இடத்தில் உண்மையாகவே குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கவேண்டும். அரை நாள் வேலைதான். இதைச் செய்யாமல் எழுதிய வடிகால் அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

தொட்டியைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடக் கலைஞர்களில் சிலரும் இதைக் கவனிப்பதில்லை. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துவதற்காகத் தொட்டியை எப்போதும் நிறைத்து வைத்தால், பெருமழை வரும் நாளில் அதில் இடம் இருக்காது. வெள்ளத்தைத் தாங்குவதற்காக எப்போதும் காலியாக வைத்தால், வறட்சியில் அது உதவாது. ஆகவே தொட்டியை இரண்டு மட்டமாகப் பிரிக்கவேண்டும். கீழ்ப்பகுதி பயன்பாட்டுக்கு. மேல்பகுதியில் சிறிய துளை வழியே தண்ணீர் மெல்ல வடிந்து, ஒரு நாளுக்குள் தானாகவே காலியாகிவிட வேண்டும். நம் தீவில் இரண்டு துன்பமும் உண்டு. பிப்ரவரியில் தெருவில் ஓடும் தண்ணீரை நவம்பரில் தேடுகிறோம். மார் ஓ வக்குவா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கும்போது குழாயில் வேளை வைத்துத் தண்ணீர் வருகிறது, தெருமுனையில் வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறோம். அந்த நாட்களில் வணிக வளாகத்தின் கழிவறையில் குடிநீர் ஓடுவது நியாயமன்று.

அடுத்தது வெயில். போர்ட் லூயியின் பழைய பசாருக்கு ஒரு டிசம்பர் நண்பகலில் போய்ப் பாருங்கள். காய்கறிக்காரர்கள் வியர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் உயர்ந்த கூரைக்குக் கீழே சூடான காற்று மேலேறிப் போக வழி இருக்கிறது, பக்கங்கள் திறந்திருக்கின்றன, கொத்தமல்லிக் கட்டு மதியம்வரை வாடாமல் கிடக்கிறது. நம் முன்னோர் வீடுகளில் 'வராங்' என்று சொன்ன தாழ்வாரமும் அதே அறிவில் பிறந்ததுதான். அது தஞ்சாவூர்த் திண்ணைக்கும் பிரெஞ்சுக்காரரின் மாளிகைக்கும் பொதுவானது. சுவர்மேல் வெயில் படாமல் நிழல் முன்னே வந்து நிற்கும். இப்போது கட்டும் வளாகங்களில் மேற்கு நோக்கி மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடி வைக்கிறோம். பிற்பகல் முழுவதும் வெயில் உள்ளே இறங்குகிறது, அதை வெளியேற்ற நிலக்கரியும் கன எண்ணெயும் எரித்த மின்சாரத்தைச் செலவிடுகிறோம். உள்பக்கம் திரை தொங்கவிடுவதால் பயன் குறைவு. கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தவேண்டும்.

இதில் நம்மவர்க்கு ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து வரும் கட்டடப் புத்தகங்களும் மனையடி சாத்திரக் குறிப்புகளும் தெற்கு வெயிலைப் பற்றிப் பேசும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில். இங்கே ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. டிசம்பரை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் உச்சிக்கு வந்து சற்றே தெற்கே சாய்கிறது. ஆகவே வடக்குச் சுவருக்கு ஆழமான இறவாரமும், கிழக்குக்கும் மேற்குக்கும் நிற்கும் நிழற்பலகைகளும் வேண்டும். காற்றோ தென்கிழக்கிலிருந்து வருகிறது. கடைத்தெருக்களை அந்தக் காற்று நுழைந்து போகும்படி திருப்பி அமைத்தால், நடைபாதைகளுக்குக் குளிரூட்டி தேவைப்படாது. வளாகத்தில் குளிரூட்டிக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு, யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத அகன்ற நடைகூடங்களைக் குளிர்விக்கப் போகிறது. அவற்றைத் திறந்த தெருக்களாக விட்டு, இருபுறமும் வராங் அமைத்து, மேலே விசிறி சுழலவிட்டு, மருந்தகத்தையும் பெரிய மளிகை அங்காடியையும் மட்டும் மூடிக் குளிர்விக்கலாம். அங்கும் குளிரூட்டியை 20 பாகையில் வைத்துக் கடைப் பெண்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. குளிரூட்டியின் வெப்ப அளவை ஒரு பாகை கூட்டினாலே ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று இந்தியாவின் ஆற்றல் சிக்கனச் செயலகம் மக்களுக்குச் சொல்லி வருகிறது.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் என்ற வளாகத்தைப் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கறையான் புற்றின் காற்றோட்டத்தை நினைவில் வைத்து வரைந்தது. கடைகளும் அலுவலகங்களும் உள்ள அந்தக் கட்டடம், இரவின் குளிர்ந்த காற்றைக் கான்கிரீட்டுக்குள் செலுத்திச் சேமித்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைத் திருப்பித் தருகிறது. நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே நம் கடற்கரையில் நட முடியாது. ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு நன்றாகக் குளிரும், காற்று உலர்ந்தது. போர்ட் லூயியில் ஜனவரி இரவும் புழுக்கம்தான். கியூர்பிப்பிலோ நிலைமை வேறு. அங்கே மழையும் மூடுபனியும்தான் கவலை, வெப்பம் அன்று. ஒரே வரைபடத்தைத் தீவின் இரண்டு மூலைகளிலும் கட்டும் வழக்கத்தை விடவேண்டும். கியூர்பிப்புக்கு மழை நனையாத கூரைத் தெரு வேண்டும், போர்ட் லூயிக்கு நிழலும் காற்றும் வேண்டும்.

மளிகை அங்காடியின் குளிர்ப்பெட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்காடியின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். கதவில்லாத திறந்த பெட்டிகளில் பாலும் தயிரும் அடுக்கி, அவற்றின் குளிரை நடைபாதைக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு கண்ணாடிக் கதவு போதும். அதைவிடப் பெரிய தீங்கு உள்ளே ஓடும் வாயுவில் இருக்கிறது. ஆர்-404ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய 3,900 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பத்தைச் செய்யும். குழாய் இணைப்புகள் கசிவது வழக்கம். அதை நிரப்பச் சிலிண்டரோடு ஆள் வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை மொரீஷியஸ் ஏற்றிருக்கிறது. புதிய வளாகத்தில் கரியமில வாயுவையோ புரோப்பேனையோ கொண்டு இயங்கும் குளிர்ப்பெட்டிகளைத்தான் வைக்கவேண்டும் என்று அனுமதியிலேயே எழுதலாம். வைத்தபின் மாற்றுவது பெருஞ்செலவு.

கூரையில் சூரிய மின்தகடு வைப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், அதைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரு ஹெக்டேர் கூரையில் பாதியை ஒதுக்கினாலும் 900 கிலோவாட் அளவுக்குத் தகடு பொருத்தலாம். நம் வெயிலில் அது ஆண்டுக்கு 12 இலட்சம் யூனிட்டுக்குக் குறையாது தரும். ஒரே எச்சரிக்கை: 1960-இல் கரோல் புயலில் காற்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. தகடுகளைத் தகரக் கூரையின் திருகாணிகளில் தொங்கவிடாமல், உத்தரங்களோடு பிணைத்து, சாய்வைக் குறைத்துப் பொருத்தவேண்டும். அந்தப் புயலுக்குப் பிறகுதான் தீவு முழுவதும் கான்கிரீட் வீட்டுக்கு மாறியது. தளம் வார்க்கும் நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடி வாளி மாற்றி மாற்றித் தூக்கி, மாலையில் ஒன்றாகச் சாப்பிட்டதை என் வயதினர் மறக்கமாட்டார்கள்.

அந்தக் கான்கிரீட்டுக்கும் ஒரு விலை உண்டு. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகையில் சுட்டெடுத்து, கப்பலேற்றி, இங்கே கொண்டுவருகிறோம். ஆகவே ஒரு வளாகம் தன் முதல் விளக்கைப் போடும் முன்பே பெருங்கடன் பட்டுவிடுகிறது. இரும்பு உலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த சிமெண்டைக் கேட்டு வாங்கலாம். கருங்கல்லோ நம் காலடியில் கிடக்கிறது. கடல் ஏரியிலிருந்து பவள மணல் அள்ளுவதை 2001-இல் நிறுத்தினோம், அப்போது இனிக் கட்டடமே எழாது என்று சொன்னவர்கள் உண்டு. பாறையை அரைத்த மணலில் இருபதாண்டுக்கும் மேலாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது, நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்துவது. நம் நகரங்களில் பழைய துணி ஆலைகளும் கிடங்குகளும் காலியாக நிற்கின்றன. மெல்பர்னில் 2019-இல் திறந்த பர்வுட் பிரிக்வர்க்ஸ் என்ற வளாகம் பழைய செங்கல் ஆலை இருந்த நிலத்தில் எழுந்தது. அதன் கூரைமேல் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். நம் வளாகங்களோ கரும்பு நிலத்தைத் தேடிப் போகின்றன. நிலம் மலிவு என்பதும் கார் நிறுத்த இடம் தாராளம் என்பதும்தான் காரணம்.

ஒரு காரை நிறுத்த, அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும். நானூறு கார்கள் என்றால் ஒரு ஹெக்டேர் தார். இப்போது போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், கத்ர் போர்ன் வழியாகக் கியூர்பிப்வரை 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ ஓடுகிறது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் வளாகம் இருந்தால், கார் நிறுத்தத்தைப் பாதியாகக் குறைக்க நீங்கள் அனுமதிக்கவேண்டும், குறைக்கவும் சொல்லவேண்டும். அப்படி மிச்சமாகும் நிலத்தில் மரம் நடலாம். ஒரு மீட்டர் சதுரக் குழியில், கட்டட இடிபாட்டின் மேல் ஒரு கூடை மண் போட்டு நட்ட மரம் மூன்றாம் ஆண்டில் காய்ந்துபோகும். அப்படிக் காய்ந்தவற்றை நானே எண்ணியிருக்கிறேன். வேர் படர இடம் விட்டு, நம் புன்னைக்கு உறவான தக்கமக்காவையும், நாட்டு வாதுமையான பதாமியேவையும் நடுங்கள். வாகன நிறுத்தத்தின் வெப்பத்தை அவற்றைப்போல் தணிக்க வேறொன்றும் இல்லை.

உள்ளே யாருக்கு இடம் என்பதும் சுற்றுச்சூழலோடு சேர்ந்த கேள்விதான். கத்ர் போர்ன் சந்தையில் புதனும் சனியும் காய்கறி விற்பவர்கள், தீவின் மண்ணில் விளைந்ததை விற்கிறார்கள். கப்பலிலும் விமானத்திலும் வந்த ஆப்பிளைவிட அந்த முருங்கைக்கீரைக் கட்டு பயணம் செய்த தூரம் எவ்வளவு குறைவு! வளாகத்தின் தரைமட்டத்தில், தெருவைப் பார்த்த பக்கத்தில், அவர்கள் தாங்கக்கூடிய வாடகைக்குக் கடைமேடைகள் ஒதுக்குங்கள். பின்பக்கம் குப்பை அறைக்கு அருகே வேண்டாம். தையற்காரர், செருப்புத் தைப்பவர், கைபேசி பழுதுபார்ப்பவர் ஆகியோருக்கும் இடம் வேண்டும். பழுதுபார்க்கும் கடை இல்லாத வளாகத்தில் எல்லாப் பொருளும் ஒருநாள் மார் சிக்கோஸுக்குத்தான் போகும். 1997 முதல் தீவின் குப்பை முழுவதையும் தாங்கி நிற்கும் அந்த ஒரே மேட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வளாகத்தின் உணவகங்களில் மிஞ்சுவதைத் தனியே பிரித்து உரமாக்க, காற்றோட்டமுள்ள, கழுவித் துடைக்க வசதியான ஓர் அறையை முதல் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். நான் கண்ட வளாகங்களில் அதற்கு ஒதுக்கியது மாடிப்படியின் அடி. துப்புரவுப் பெண்கள் குனிந்தபடி நின்று, எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டினார்கள். பிரிக்க அவர்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இவற்றையெல்லாம் நல்ல எண்ணத்தின் பொறுப்பில் விட்டால் அந்தக் குழிக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். பசுமைக் கட்டடச் சான்றிதழ்களை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனின் பிரீயம், அமெரிக்காவின் லீட், தென்னாப்பிரிக்காவில் வழங்கும் கிரீன் ஸ்டார் ஆகியவை பயனுள்ளவையே. ஆனால் வரைபடத்துக்குக் கிடைத்த சான்றிதழ், ஐந்தாம் ஆண்டில் பம்பு ஓடுகிறதா என்று வந்து பார்க்காது. சட்டம் மட்டும் போதும் என்றும் எண்ணவேண்டாம். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. பிறகு பராமரிப்பு தளர்ந்தது, பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரோடு நிற்க, உள்ளே மண் அடைத்துக்கொண்டது. 2019-இல் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகளே வறண்டன. கட்டச் சொல்வதோடு, ஆண்டுதோறும் திறந்து பார்க்கவும் ஆள் வேண்டும்.

உங்கள் கையில் கட்டட, நிலப் பயன்பாட்டு அனுமதி இருக்கிறது. அதில் நான் எழுதச் சொல்வது இதுதான். தொட்டி, உறிஞ்சு பள்ளங்கள், வெளி வடிகால் ஆகியவை முடிந்து, உங்கள் அலுவலர் வந்து தண்ணீர் விட்டுச் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே, தரைக்கு மேல் முதல் தூண் எழலாம். மரக்குழிகளைத் தார் போடும் முன் வெட்டி, மண் நிரப்பி, நட்டுவிட வேண்டும். நிழற்பலகை இல்லாத மேற்குக் கண்ணாடிக்குத் திறப்பு அனுமதி கிடையாது. இவற்றுக்கு ஆகும் செலவை உரிமையாளர் உங்களிடம் பிணைத்தொகையாகக் கட்டவேண்டும், வளாகம் திறந்து இரண்டு மழைக்காலம் கடந்தபின், கீழ்த்தெருவாசிகளைக் கேட்டறிந்து, அதைத் திருப்பித் தரலாம். வரைபடத்தில் இந்த இனங்களில் எதை மாற்ற விரும்பினாலும், செலவுக் கூட்டத்தின் ஒரு பிற்பகல் போதாது. மன்றத்தின் முன் மறுபடியும் வந்து, அக்கம்பக்கத்தாரின் எதிரில் காரணம் சொல்லவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செலவான மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று நுழைவாயிலில் எழுதி வைக்கவேண்டும். வடிகால் வரைபடத்தை, பொறியாளர் மட்டும் அறியும் குறிகளில் இல்லாமல், தெரு பெயர்களோடு கிரியோலில் விளக்கி, மனு விசாரணையில் இருக்கும் நாட்களில் நகராட்சி வாசலில் ஒட்டவேண்டும். தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும் என்று அந்தத் தெருக்காரர் முன்கூட்டியே அறியும் உரிமை உடையவர்.

இதனால் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான், அதை நான் மறுக்கவில்லை. பாறை உடைக்க மூன்று வாரம் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. கடைசியில் அதைத் தையற்கடை அம்மாள் தம் இயந்திரத்தின் மோட்டாராகக் கொடுத்தார். யார் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.

உரிமையாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் வரைபடத்தைப் போடும் முன், ஜனவரியில் ஒரு மழை நாளில் அந்த நிலத்துக்குப் போய், குடையோடு ஒரு மணி நேரம் நின்று, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த நிலத்துக்குத் தாழ்வான பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். எந்த அறிக்கையிலும் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கும்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் சற்றே தகராறு செய்கிறது, மற்றபடி நலம். அளவு நாடாவும் மட்டக்குழாயும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஐந்து நகரங்களில் எங்கேனும் அடுத்த வளாகத்துக்குத் தொட்டிக் குழி தோண்டும் நாளில் ரோஸ் ஹில்லுக்குச் சொல்லியனுப்புங்கள். கூலி வேண்டாம், பேருந்துச் செலவும் என்னுடையது. குழியில் இறங்கி நீளம், அகலம், ஆழம் அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
ரோஸ் ஹில்.